உள்ளது உள்ளபடி

பங்குனி

ராணுவ வண்டியை விலைக்கு வாங்கலாம். அதன் பச்சையை வாங்க முடியாது. ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரியது என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆவது விதி. பழைய ஜோங்கா கள்ளக்குறிச்சிக்கு வந்து இறங்கியதும் நான் செய்த முதல் வேலை, எந்த நிறத்தைப் பார்த்து மயங்கி வாங்கினேனோ அந்த நிறத்தைச் சுரண்டியது.

உப்புத்தாளும் தண்ணீருமாக எட்டு நாள். மேல் பச்சைக்குக் கீழே இன்னொரு பச்சை. இடது கதவில் மட்டும் அதற்கும் கீழே மணல் நிறம். பாலைவனத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். பாலைவனத்தில் நின்ற வேறொரு வண்டியின் கதவு இதற்கு வந்திருக்கலாம். சக்கரத்துக்கு மேலே மட்கார்டில் ‘டி.பி.’ என்று இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும் தகடு வைத்து அடித்திருந்தது. அந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு காற்று பிடிக்க வேண்டும் என்ற குறிப்பு. புதிதாக வரும் டிரைவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. முன்பக்கம், நம்பர் இருந்த இடத்தில், மேல்நோக்கிய அம்புக்குறி, அதையடுத்து 87. அம்பு ராணுவத்துக்கு. 87 வண்டி சேர்ந்த வருஷம். 

அந்த வருஷம் நான் ஐந்தாம் வகுப்பு. வண்டியும் நானும் ஒரே நேரத்தில் உத்தரவுகளுக்குக் கீழ்ப்படியத் தொடங்கியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே அம்பையும் தேய்த்தேன். 

புது நிறத்துக்கு, அறுத்துப் போட்ட சாமைத் தாள் நான்கு வெயில் கண்ட பிறகு என்ன நிறத்தில் இருக்குமோ அதைக் கேட்டேன். பெயிண்ட் கடைக்காரர் யோசிக்காமல் டின்னை எடுத்து வைத்தார். அவர் கணக்கில் அதற்குப் பெயர் பிஸ்கட் கலர்.

*

“உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில் இருந்தபடி.” கழித்துக்கட்டிய அரசுச் சாமான் எல்லாம் இந்த ஒரு வரியின் கீழ்தான் விலை போகிறது. ஓடுமா என்று கேட்கக்கூடாது. ஓடாவிட்டால் திருப்பித் தரக்கூடாது. 1964-ல் பழைய இரும்பு வியாபாரத்துக்காகத் தொடங்கப்பட்ட எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனம் இப்போது இணையத்தில் இந்த ஏலங்களை நடத்துகிறது. வண்டிகள் லாட் லாட்டாகப் போகும். ஒற்றை வண்டிக்கு ஆசைப்படுகிறவன், லாட்டை மொத்தமாக எடுத்த வியாபாரியின் முற்றத்தில் போய் நிற்க வேண்டும்.

நான் போய் நின்றது சக்திமான் லாரிக்காக. சிறுவயதில் சேலம் ரோட்டில் வரிசையாகப் போன சக்திமான்களை எண்ணியிருக்கிறேன். ஒருமுறை நாற்பதைத் தாண்டியது எண்ணிக்கை. முற்றத்தில் இருந்த ஒன்றே ஒன்றை அன்றைக்குக் காலையில்தான் கேஸ் கட்டிங் வைத்து அறுத்திருந்தார்கள். கேபின் தனியாக, சேஸிஸ் இரண்டு துண்டாக. “எடைக்குப் போனாத்தான் சார் காசு. ஆசைக்கு வாங்குறவன் அஞ்சு தடவ வந்து பாத்துட்டுப் போயிடுவான்” என்றார் வியாபாரி. அது எனக்கு நான்காவது தடவை.

ஜெர்மனியின் மான் நிறுவனத்து உரிமத்தில் ஜபல்பூரில் சக்திமான் உருவாகத் தொடங்கியது 1959-ல். அப்போது பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன். இதே மேனன் 1948-ல் லண்டனில் ஹைகமிஷனராக இருந்தபோது, காஷ்மீரில் சண்டை நடக்கிறது என்று, பழைய ஜீப்புகளைப் புதுப்பித்து வாங்க ஒப்பந்தம் போட்டார். சுமார் 80 லட்சம் ரூபாய். வந்து இறங்கியவை 155 ஜீப்புகள். ஓடுகிற நிலையில் இல்லை. சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் புகார் என்று பள்ளிக்கூடப் பொது அறிவு வரைக்கும் வந்துவிட்டது அது. பார்க்காமல் பழைய வண்டி வாங்குகிறவர்களின் வரிசையில் எனக்கு முன்னால் ஓர் அரசாங்கமே நிற்கிறது என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

அறுத்துப்போட்ட சக்திமானுக்குப் பின்னால், டயர் இல்லாமல் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது ஜோங்கா. நிசான் பேட்ரோல் ஜீப்பின் அச்சில் ஜபல்பூர் வண்டித் தொழிற்சாலையில் 1969 முதல் 1999 வரை செய்தது. ஜபல்பூர் ஆர்டினன்ஸ் அண்ட் கன்கேரேஜ் அசெம்பிளி என்ற ஆங்கிலச் சொற்களிலிருந்து எழுத்துகளை எடுத்து ஒட்டிவைத்த பெயர். காட்டுப் பூவின் பெயர் போல இருக்கிறது. (2021 அக்டோபரில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரித்த பிறகு, அந்த ஜபல்பூர் தொழிற்சாலைக்குத் தலைமையகம் நம் ஆவடி.)

என்ன விலை கொடுத்தேன் என்பதை இங்கே எழுதவில்லை. இந்த நோட்டை வீட்டில் படிக்கிறார்கள்.

சித்திரை

காகிதங்களின் மாதம். 

ராணுவத்திலிருந்து வந்த வண்டியைப் பதிவு செய்ய, அதைக் கழித்த அதிகாரி கொடுத்த 21-ஆம் எண் படிவம் அசலாக வேண்டும். நகல் செல்லாது. வியாபாரியின் கையெழுத்து செல்லாது. முதலில் காகிதத்தைக் கேள், அப்புறம் பானெட்டைத் திற என்று எனக்குச் சொன்னவர்கள் இருந்தார்கள்; நான் பானெட்டைத் திறந்துவிட்டுத்தான் காகிதத்தைக் கேட்டேன். இன்ஜின் நம்பர் ஒத்துவரவில்லை. ராணுவப் பணிமனையில் இன்ஜினை மாற்றிப் போடுவது சாதாரணம். மாற்றியதற்கான சீட்டு வண்டியோடு வராமல் போவதும் சாதாரணம். அந்த ஒரு சீட்டுக்கு ஐந்து வாரம்.

சேஸிஸ் நம்பரின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொடுக்க வேண்டும். நாலணாக் காசை நோட்டில் தேய்த்து எடுப்போமே, அது. பிரேக் இன்ஸ்பெக்டர் அந்தக் காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, “டோனி வச்சிருக்காரே, அதுதானே இது?” என்றார். 2019-ல் டோனி ஒரு ஜோங்காவை வாங்கி ராஞ்சித் தெருவில் ஓட்டினாலும் ஓட்டினார், எனக்கு அறிமுகம் தேவைப்படாமல் போயிற்று.

வைகாசி

சங்கராபுரம் பக்கத்திலிருந்து டி.வி.எஸ். ஃபிஃப்டியில் ஒருவர் வந்தார். இருபத்து நான்கு வருஷம் ராணுவத்தில் வண்டி ஓட்டியவர். ஊரில் அவருக்குப் பெயர் அவில்தார், பெற்றோர் வைத்த பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. “ஜோங்கா வந்திருக்குன்னாங்க” என்றார். வேறெதுவும் சொல்லாமல் ஒரு சுற்று சுற்றினார். பானெட்டைத் திறக்கவில்லை. நான்கு சக்கரத்தின் நடுமையத்திலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். வண்டியை அன்றைக்கு வெளியே எடுக்கவேயில்லை, எல்லாம் குளிர்ந்துதான் கிடந்தன. இருந்தும் தொட்டார்.

பிறகுதான் காரணம் சொன்னார். ஓட்டி நிறுத்தியதும் முதல் வேலை நான்கு ஹப்பையும் தொடுவது. ஒன்று மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால், அந்தச் சக்கரத்தில் பிரேக் ஒட்டிப் பிடிக்கிறது, அல்லது பேரிங் இறுக்கம். “மீட்டர் வேணாம் தம்பி. கையி போதும்.”

பராமரிப்பு என்றால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டிக்கடியில் கிடப்பது என்று நினைத்திருந்தேன். அவர் சொன்ன முறை வேறு. ஒரு நாளைக்கு ஒரு டாஸ்க். இன்று பேட்டரி, நாளை ஸ்டியரிங் மூட்டுகள், மறுநாள் கமான் பட்டையின் யு-போல்ட். இருபது நிமிஷத்துக்கு மேல் கூடாது. வேறொன்று கண்ணில் பட்டாலும் அதன் நாளுக்கு அது காத்திருக்கும். எனக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. ஒன்றைத் துடைக்கப் போனால் நான்கைக் கழற்றிப் போடுகிறவன் நான். போன வருஷம் தண்ணீர் மோட்டாருக்கு அப்படித்தான் ஆயிற்று.

கிரீஸ் அடிக்கும் நாள் எனக்குப் பிடித்தது. நிப்பிளில் துப்பாக்கியை மாட்டி அழுத்தினால் முதலில் கறுப்புப் பசை, மணலோடு, பிதுங்கி வெளியே வரும். நிறுத்தாமல் அழுத்த வேண்டும். கறுப்பு பழுப்பாகி, பழுப்பு மஞ்சளாகி, நீங்கள் உள்ளே விட்ட கிரீஸின் அதே நிறம் வெளியே எட்டிப்பார்க்கும்போது நிறுத்த வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவே முடியாத ஓர் இடத்தில், வேலை முடிந்தது என்பதற்கு இவ்வளவு தெளிவான அடையாளம் எனக்குத் தெரிந்து வேறெந்தத் தொழிலிலும் இல்லை.

*

டாஷ்போர்டில் வலது ஓரம் ஒரு சுவிட்ச். போட்டால் ஒன்றும் நடப்பதில்லை. அதிலிருந்து ஒரு ஒயர் தரைத்தகடுக்கடியில் போய்ப் பின் அச்சுக்கு மேலே ஒரு சின்னக் காலி விளக்குக் கூட்டில் முடிகிறது. “வேஸ்ட் ஒயர்ண்ணே, உருவிப் போட்டுடவா?” என்றான் எலெக்ட்ரீசியன் தம்பி. இருக்கட்டும் என்றேன், ஏன் என்று தெரியாமல்.

அவில்தார் குனிந்து, பின் அச்சின் நடுவில் புடைத்திருக்கும் டிஃபரன்சியல் உருண்டையை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். சேறு உதிர்ந்தது. சேற்றுக்குக் கீழே வெள்ளை. “கான்வாய் லைட்டு” என்றார். இரவில் எதிரி பார்க்கக்கூடாது என்று எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு வண்டிகள் வரிசையாகப் போகும்போது, அடியில் இந்த ஒரு சின்ன பல்ப் மட்டும் எரியும். அது சாலையைக் காட்டாது. அந்த வெள்ளை உருண்டையை மட்டும் காட்டும். பின்னால் வருகிறவன் அதைப் பார்த்துக்கொண்டே வருவான். அவனுக்குப் பின்னால் வருகிறவன் அவனுடையதை.

பல்ப் வாங்கிப் போட்டேன். டிஃபரன்சியலையும் பிஸ்கட் கலரில் அடிப்பதாகத்தான் இருந்தேன், அதைக் கைவிட்டேன்.

ஆனி

“பெட்ரோல் இன்ஜினத் தூக்கிப் போட்டுட்டு டீசலப் போடுங்க.” இந்த வாக்கியத்தை மெக்கானிக், டயர் கடைக்காரர், பெட்ரோல் போடும் பையன், என் மாமனார் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். தவறில்லை. 3,956 சி.சி., ஆறு சிலிண்டர். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுத்தால் அன்றைக்கு அது நல்ல மனநிலையில் இருக்கிறது என்று பொருள். 

டீசல் போட்டவர்கள் நிறையப் பேர். நான் போடாததற்குச் சட்டத்தைக் காரணம் சொல்லலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இருக்கிறது. தயாரித்தவர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் இருக்கிறது. 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் வண்டி விதிகளும் இருக்கின்றன: ஐம்பது வயதான வண்டி, பிறந்த கோலத்திலேயே இருந்தால், தனி எண் வரிசையில் பதிவு செய்துகொள்ளலாம், கட்டணம் 20,000 ரூபாய். என் வண்டிக்கு 2037-ல் ஐம்பது. இன்ஜினை மாற்றினால் அந்த வாசல் மூடிக்கொள்ளும்.

ஆனால் நிஜக் காரணம் அந்த இன்ஜின் நிதானமாகச் சுற்றும்போது வரும் சத்தம். இதற்கு மேல் அதை விளக்கினால் மாமனார் பக்கம்தான் நியாயம் இருப்பதாகத் தோன்றிவிடும்.

மாற்றியவையும் உண்டு. பிரேக் ஹோஸ்கள், நான்கும் புதிது. சீட் பெல்ட். தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று. பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்கள் எல்லாம். இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1987-ன் ரப்பர் அதில் ஊறி, உப்பி, விரலால் நசுக்கினால் பிட்டு மாதிரி உதிர்ந்தது. எத்தனால் தண்ணீரையும் இழுக்கும்; வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் டேங்கின் அடியில் அது தனியாகப் பிரிந்து நிற்கும். கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போகிற டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே இதை யோசித்தேன். சர்க்கரை போக மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து வடிப்பதும் எத்தனால்தான். எங்கள் கரும்பே சுற்றிக்கொண்டு வந்து என் கார்பரேட்டரை அரிக்கிறது.

*

தரைத்தகட்டில் துரு. ஓட்டை விழவில்லை, விழப் பார்க்கிறது. வெள்ளிமலைச் சந்தையில் கடுக்காய் விற்ற பாட்டியிடம் ஒரு படி வாங்கி வந்தேன். நசுக்கிக் கொதிக்கவைத்து, வடிகட்டி, பிரஷ்ஷால் துருவின் மேல் தடவினால் கண்ணெதிரே சிவப்பு கறுப்பாகிறது. கடுக்காயின் துவர்ப்பு இரும்புத்துருவோடு சேர்ந்து கருநீலப் படலமாகிவிடும். அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே சங்கதி. கடையில் விற்கும் துருமாற்றி டப்பாவிலும் பெரும்பாலும் இந்தத் துவர்ப்புச் சத்துதான். மூன்று பூச்சு. மேலே பிரைமர்.

வண்டியின் தரை முழுக்க, ஒருநாள் மட்டும், எழுதாத மையாக இருந்தது.

ஆடி

கல்வராயன் மலைக்கு முதல் ஏற்றம். கோமுகி அணையைத் தாண்டி வளைவுகள் தொடங்கின. லோ-வில் போட்டு ஏறியது, மூச்சு வாங்காமல். அது வரைக்கும் நன்றாக இருந்தது என்று எழுதினால் அடுத்த வரி என்ன என்று எல்லாருக்கும் தெரியும்.

இருமியது, நின்றது. பெட்ரோல் பம்பிலேயே கொதித்து ஆவியாகி அடைத்துக்கொண்டது. ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. செல்ஃபைத் திரும்பத் திரும்ப அடித்தால் பேட்டரிதான் போகும்.

நாற்பது நிமிஷம். கீழே அணைத் தண்ணீர் ஒரு தகடு. நான்கைந்து மினி லாரிகள் மரவள்ளிக்கிழங்கோடு இறங்கின, ஆத்தூர் ஜவ்வரிசி மில்களுக்கு. கிழங்கு மூட்டை மேல் ஆட்கள். ஒவ்வொரு வண்டியும் நின்று விசாரித்தது. தலைச்சுமை விறகோடு வந்த ஒரு பெரியவர் மட்டும் சுமையை இறக்கிவைத்து உட்கார்ந்துகொண்டார். 

“இது மலைக்குன்னே செஞ்ச வண்டியா?” 

“ஆமாங்க ஐயா. பட்டாளத்து வண்டி.” 

“எங்களுக்கு இது மாரி ஒண்ணு இருந்தா ஆஸ்பத்திரிக்கு ஆவும்.” குறையாகச் சொல்லவில்லை. வெயில் அதிகம் என்பது போலச் சொன்னார்.

இந்த மலை மூன்று ஜாகீர்களாக இருந்தது. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் வழியினர் வரி வாங்கினார்கள். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து 29 வருஷம் கழித்து, 1976-ல்தான் மலை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. தார்ச்சாலை எட்டாத குக்கிராமங்களில் நோயாளியை இன்னும் தொட்டில் கட்டித் தூக்கி வருகிறார்கள். சாலை இல்லாத இடத்தில் ஓடுவதற்காகப் பிறந்த வண்டியை, நல்ல சாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டிப் பார்ப்பதற்காக நான் வைத்திருக்கிறேன். இதை நோட்டில் எழுதிவிட்டால் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை.

ஈரத்துணி காய்ந்ததும் வண்டி கிளம்பியது. பெரியவரையும் விறகையும் ஏற்றிக்கொண்டேன். கரியாலூருக்கு முன்னால் இறங்கிக்கொண்டார். இறங்கும்போது படுதாவைத் தடவிப் பார்த்து, “துணி நல்ல துணி” என்றார்.

திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் நிறுத்திப் பின்பக்கம் முழுக்கப் பார்த்தார்கள், ஜெர்ரிகேனின் மூடியைத் திறந்து மோந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மோக்கட்டும்.

புரட்டாசி

டேங்கின் பக்கத்தில் எலெக்ட்ரிக் பம்ப் ஒன்று மாட்டிவிட்டேன். உறிஞ்சி இழுப்பதற்குப் பதிலாகப் பின்னாலிருந்து தள்ளும், ஆவி அடைக்காது. பழைய பம்பைத் துணியில் சுற்றி, எண்ணெய் தடவி, சீட்டுக்கடியில் வைத்திருக்கிறேன். 2037-ல் கேட்டால் எடுத்து மாட்டிக் காட்ட வேண்டும்.

ஆயுத பூஜைக்குத் தேய்த்துக் கழுவியதில் வலது மட்கார்டில் கல் தெறித்த இடம் தெரிந்தது. பிஸ்கட்டுக்குள் ஒரு பொட்டுப் பச்சை. டச்-அப் டின் கையிலேயே இருந்தது. அதன் மேல் சந்தனம் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கார்த்திகை

வெள்ளிமலையில் மச்சானின் பைக் பத்து நாளாகக் கிடந்தது. அதைக் கீழே இறக்க ஆள் இல்லை. அவில்தாரும் நானும் ஜோங்காவில் போனோம். திரும்பும்போது அவர் ஜோங்காவை எடுத்தார், நான் பைக்கில் பின்னால்.

கரியாலூர் தாண்டியதும் பனிமூட்டம். மழை விட்ட பிறகு ஏறுகிற வகை, பள்ளத்திலிருந்து சாலைக்கு. பைக்கின் விளக்கை உயர்த்தினால் முன்னால் வெள்ளைச் சுவர். தாழ்த்தினால் முன் சக்கரம் மட்டும். ஜோங்காவின் பின்விளக்குகள் இரண்டும் சிவப்புக் கறையாகக் கரைந்து, ஒரு வளைவில் காணாமலே போயின. அப்போது தாழ்வாக, சாலைக்கு ஒன்றரை அடி உயரத்தில், ஒரு வெள்ளை வட்டம் தெரிந்தது. அவர் சுவிட்சைப் போட்டிருக்கிறார். 

பல்ப் தெரியவில்லை. வண்டி தெரியவில்லை. வட்டம் இடப்பக்கம் நகர்ந்தால் நானும் இடப்பக்கம். அது சிறுத்தால் கொஞ்சம் முறுக்கினேன், பெருத்தால் விட்டேன். எத்தனை வளைவு என்று எண்ணத் தோன்றவில்லை. பள்ளம் எந்தப் பக்கம் என்றும் பார்க்கவில்லை.

கச்சிராயபாளையம் டீக்கடை வெளிச்சத்தில் வண்டி நின்றது. நான் கால் ஊன்றி இறங்குவதற்குள் அவில்தார் இறங்கி, முன்னிரண்டையும் தொட்டுவிட்டு, பின்பக்கம் வந்திருந்தார்.

“வலது பின்னாடி கொஞ்சம் சூடு” என்றார். “நாளைக்கு டாஸ்க் அதுதான்.”